கியர் பாக்ஸை இறக்கியாச்சு: எந்த பேரிங் போடுவது?

கியர் பாக்ஸைப் பிரித்து மேஜையில் பரப்பியதும் மெக்கானிக் கேட்பார்: "சத்தம் வந்ததை மட்டும் மாத்தட்டுமா சார், மொத்தமா மாத்திடலாமா?" பால் பேரிங் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரு பேரிங்கின் ரேஸில் குழி விழுந்து துகள் பெயர ஆரம்பித்தால், அந்தத் துகள் ஆயிலோடு சேர்ந்து மற்ற எல்லா பேரிங்குக்குள்ளும் போய்வருகிறது. இன்று சத்தமில்லாமல் சுற்றும் பேரிங்கும் அதைத் தின்றிருக்கும். அதற்காக ஆறு மாதம் கழித்து மறுபடி பெட்டியை இறக்கினால், பேரிங் விலையைவிட லேபர்தான் கடிக்கும்.

ஊசி பேரிங்கில் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில இடங்களில் அதன் ஊசிகள் ஷாஃப்டின் மேலேயே நேராக உருளும். அங்கே ஷாஃப்டில் நகம் தட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், புது பேரிங் போட்டும் பயனில்லை. ஷாஃப்டையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்தது, கம்பெனி ஸ்பேரா, வெளி மார்க்கெட் பேரிங்கா? வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் பேரிங்கைத் தாங்களே செய்வதில்லை, பேரிங் தயாரிப்பாளர்களிடம்தான் வாங்குகின்றன. ஆகவே பழைய பேரிங்கில் இருப்பது பொதுவான எண்ணாக இருந்தால் எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்பிசி, என்எஸ்கே போன்ற நல்ல பிராண்டை டீலரிடம் பில்லோடு வாங்குவதே லாபம். எண் வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, வெளிவிட்டத்தில் தனிப்பட்ட வெட்டு ஏதாவது இருந்தாலோ, யோசிக்காமல் கம்பெனி ஸ்பேருக்குப் போய்விடுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கப் பார்த்தால் கைசுடும்.

எண்ணை முழுதாகப் படிக்க வேண்டும். 6305 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 25 மி.மீ. வெளிவிட்டம் 62, அகலம் 17. 6205-க்கும் உள்விட்டம் அதே 25 தான். ஆனால் வெளிவிட்டம் 52. இதுவரை எந்தக் கடைக்காரரும் தவறுவதில்லை. தவறு நடப்பது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில். 'என்' என்றால் சர்க்ளிப் உட்காரும் பள்ளம் உண்டு. 'என்ஆர்' என்றால் வளையமும் சேர்ந்தே வரும். 'சி3' என்றால் உள்ளே இடைவெளி சற்று அதிகம். 25 மி.மீ. உள்விட்டத்துக்குச் சாதாரண பேரிங்கில் அது 5 முதல் 20 மைக்ரான், சி3-யில் 13 முதல் 28. ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றும்போதும், ஓடிச் சூடாகும்போதும் அந்த இடைவெளி சுருங்கும். சி3 இருந்த இடத்தில் சாதாரணத்தைப் போட்டால் கையில் சுற்றிப் பார்க்கையில் அருமையாக இருக்கும், ரோட்டில் சூடேறிப் பிடிக்கும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

சீல் வைத்ததா, திறந்ததா என்றால் பழையது எப்படியோ அப்படியே. திறந்த பேரிங் கியர் ஆயிலில் நனைந்து ஓடும். துகள் உள்ளே போகாமல் இருக்கச் சில கியர் பாக்ஸ்களில் சீல் வைத்தே போடுகிறார்கள்.

டேப்பர் ரோலர் பேரிங் என்றால் கோனையும் கப்பையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோனை ஓட்டுவது பணத்தை வீணாக்குவது. மாற்றிய பிறகு ஷிம் அளவையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

பிராண்டு பேரிங் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் டூப்ளிகேட்டோ என்று சந்தேகப்படுங்கள். அட்டைப் பெட்டியும் லேசர் எழுத்தும் அசல் போலவே வருகின்றன. எஸ்கேஎஃப் நிறுவனமும், எஃப்ஏஜி பிராண்டின் சொந்தக்காரரான ஷாஃப்லர் நிறுவனமும் சரிபார்ப்பதற்கென்றே மொபைல் ஆப் வைத்திருக்கின்றன. காசு கொடுக்குமுன் அதில் பாருங்கள்.

இத்தனையும் பார்த்து வாங்கியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் எல்லாம் பாழ். ஷாஃப்டில் இறுக்கமாக ஏறும் பேரிங்கை உள் ரேஸில் மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். வெளி ரேஸில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் ரேஸில் தடம் பதிக்கும். புது பேரிங் முதல் நாளே சத்தம் போடும். திறந்த பேரிங்கை 100 டிகிரி அளவுக்கு ஆயிலில் சூடாக்கினால் தானாக வழுக்கி உட்காரும். கேஸ் வெல்டிங் தீயை பேரிங்கின் அருகிலேயே கொண்டுபோக விடாதீர்கள்.

வண்டி ஓடிக் காட்டும்வரை பழைய பேரிங் ஒன்றையும் எறிய விடாதீர்கள். கடைக்குப் போகும்போது அதைத் துடைத்துக் கையோடு எடுத்துப்போங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.