சுங்குடி யானை

பொங்கல் நெருங்குகிறது. ஊரிலுள்ள குழந்தைகட்கு இங்கிருந்து என்ன அனுப்புவது என்று நம் மன்றத்து நண்பர்கள் ஆண்டுதோறும் பேசிக்கொள்வதுண்டு. தில்லியில் பொம்மைகளுக்குக் குறைவில்லை. சதர் பசாரை ஒருமுறை சுற்றிவந்தால் ஒரு சிற்றூருக்கே போதுமான பொம்மைகளை வாங்கிவிடலாம். ஆனால், ஒரு குழந்தைக்கென்றே, அக்குழந்தை தொட்டுப் பழகிய துணியிலேயே தைத்த பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனைத் தைக்கும் முறையையும் அதன் பின்னுள்ள அறிவியலையும் இங்கே எழுதுகின்றேன். நான் இயற்பியல் மாணவன், தையற்காரன் அல்லன். ஆயினும் ஊசி பிடிக்கத் தெரியாத இயற்பியல் மாணவனால் ஆய்வகத்திலும் பெரும்பயன் இல்லை என்பது என் கருத்து.

நான் தைத்தது ஒரு யானை. என் அக்காள் மகளுக்காக. அவளுக்கு இரண்டு வயதும் நான்கு திங்களும் ஆகின்றன.

யானையைத் தேர்ந்ததற்கு ஒரு வரலாற்றுத் துணையும் உண்டு. செருமனியின் கீங்கன் நகரில் மார்கரெட் ஸ்டைப் என்னும் பெண்மணி வாழ்ந்தார். இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, தையலால் பிழைத்தவர். 1880இல் அவர் குண்டூசி செருகிவைப்பதற்காகக் கம்பளித் துணியில் சிறு யானைகள் தைத்தார். குழந்தைகள் அவற்றை எடுத்துக்கொண்டு விளையாடத் தொடங்கினர். ஊசி மெத்தை விளையாட்டுப் பொம்மையாயிற்று. உலகறிந்த கரடிப் பொம்மை தோன்றியது அதற்கு இருபதாண்டுகளுக்குப் பின்னர்தான்.

குழந்தைக்குத் துணிமீது இத்துணைப் பற்று ஏன்? 1958இல் அமெரிக்க அறிஞர் ஹாரி ஹார்லோ வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாயைப் பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு செயற்கைத் தாய்களை அவர் வைத்தார். ஒன்று வெறுங்கம்பி, மற்றொன்று பூந்துவாலைத் துணி போர்த்தியது. பால் கம்பித் தாயிடமே கிடைத்தபோதும், குட்டிகள் குடித்து முடித்ததும் துணித் தாயிடம் ஓடி அதனைப் பற்றிக்கொண்டே பொழுதைக் கழித்தன. அந்த ஆய்வின் கொடுமையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் முடிவை மறுக்கவும் இயலாது. ஆங்கில நாட்டுக் குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட் 1953இல் வெளிவந்த கட்டுரையில் இதனை வேறு வழியாக அணுகினார். தாயை விட்டு மெல்ல விலகும் பருவத்தில் குழந்தை ஒரு துணியையோ பொம்மையையோ பற்றிக்கொள்கிறது. தாய்க்கும் வெளி உலகுக்கும் இடையே அஃது ஒரு பாலம். அதனைத் துவைத்தால்கூடக் குழந்தையின் அனுபவத் தொடர்ச்சி அறுபடும் என்று அவர் எழுதினார்.

இத்துவைக்கும் செய்தி எங்கள் வீட்டில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அதனைச் சொன்னால்தான் துணி தேரும் முறை விளங்கும்.

என் அன்னையார் சென்ற வைகாசியில் காலமானார். அக்காள் மகள் தன் அம்மாச்சியின் சுங்குடிச் சேலை முந்தானையை விரலால் நெருடிக்கொண்டேதான் உறங்குவாள். சுங்குடியின் புள்ளிகள் துணியை ஊசிமுனையளவு கிள்ளி நூலால் முடிந்து, பின் சாயத்தில் தோய்த்துப் பெறுபவை. மதுரைச் சௌராட்டிரர் கைத்திறன் அது. அச்சுப் புள்ளியைப் போலன்றி, முடிந்த புள்ளியில் நுண்ணிய சுருக்கம் ஒன்று தங்கும். குழந்தையின் விரல் தேடியது அதைத்தான். தீபாவளிக்கு ஊர் சென்றபோது அச்சேலையில் யானை தைக்கலாம் என்றேன்.

“அம்மா சேலையிலே கத்தரி வைக்கவா தம்பி?” என்றாள் அக்காள். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் இருவரும் சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். பழந்துணியைத் தேர இதுவே வழி. நைந்த இடம் சல்லடையாய்த் தெரியும். கொசுவம் செருகுமிடமும் கால்பக்கமும் நைந்திருந்தன. உறுதியாக இருந்தது முந்தானை ஒன்றுதான். குழந்தை அறிந்ததும் அதைத்தான்; அக்காள் காக்க விரும்பியதும் அதைத்தான். சேலை ஐந்தரை மீட்டர். யானைக்கு வேண்டியது அரை மீட்டருக்கும் குறைவு. முடிவில் முந்தானையின் ஒரு பாதியை அவளே கத்தரித்துக் கையில் கொடுத்தாள். “தொவைக்க மட்டும் தொவைக்காதே, அம்மா வாசம் போயிடும்” என்றாள்.

துணியை முகர்ந்து பார்த்தேன். வந்தது அந்துருண்டையின் நெடி. ஐந்து திங்கள் அது பெட்டியில் இருந்திருக்கிறது. அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் உருகாமலே ஆவியாகும் பொருள். அந்த ஆவி துணியில் தங்கும். பிறவியிலேயே ஒருவகை நொதி குறைந்த குழந்தைகட்கு அது செங்குருதி அணுக்களைச் சிதைக்கும். அந்துருண்டையோடு வைத்த துணிகளைப் போர்த்திக் குழந்தைகள் நோயுற்ற செய்தி மருத்துவ நூல்களில் உண்டு. ஆகவே பெட்டியிலிருந்து எடுக்கும் எத்துணியையும் பலமுறை அலசி, வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே குழந்தையிடம் தரவேண்டும். அக்காளிடம் இதைச் சொன்னேன். அவளும் முகர்ந்து பார்த்தாள். பின்பு ஒன்றும் சொல்லாமல் வாளியில் நீர் பிடித்தாள்.

இனி வெட்டுதல். நைந்த சேலைத் துணி தனியே நிற்காது. பழைய வேட்டித் துணியை அடியில் வைத்து நூலோட்டிக்கொள்ள வேண்டும். யானைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உடல் துண்டுகள், நான்கு கால்களின் உட்புறமும் சேர்ந்த வயிற்றுத் துண்டு ஒன்று, காதுகட்கு நான்கு துண்டுகள். வயிற்றுத் துண்டு இல்லையேல் யானை நிற்காது, தலையணைபோற் படுத்துவிடும். தாளில் படம் வரைந்து, தேய்ந்த சோப்புத் துண்டால் துணியில் கோடிட்டு, சுற்றிலும் ஒரு செண்டிமீட்டர் தையலுக்கு விட்டு வெட்டுக.

படம் வரையுமுன் ஒரு கணக்கை மனத்திற் கொள்ளல் நலம். தட்டையான துணி பஞ்சு நிரம்பியதும் அகலம் சுருங்கும். எட்டு செண்டிமீட்டர் அகலமுள்ள குழலைத் தைத்தால் அதன் சுற்றளவு பதினாறு. உருண்டதும் விட்டம் பதினாறை பையால் வகுத்த அளவு, அதாவது ஐந்து. எட்டு ஐந்தாகிவிடுகிறது! யானைக்கால் ஆட்டுக்கால் ஆவது இதனால்தான். இரண்டு வட்டங்களை விளிம்பில் தைத்து ஊதினால் வேறு கணக்கு. விட்டம் ஏறத்தாழ முக்கால் பங்காகும், விளிம்பெங்கும் சுருக்கங்கள் விழும். துணி சிறிது நெகிழ்வதால் கணக்கு அப்படியே வாராது. ஆயினும் காலையும் துதிக்கையையும் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு அகலமாக வரைக. துணி பாவு நூலின் வழியும் ஊடு நூலின் வழியும் இழுபடாது, மூலைவாட்டில் இழுபடும். கால்கள் பாவின் வழியே அமையட்டும். இல்லையேல் யானைக்கு முழங்கால் வீங்கும்.

நல்ல பக்கங்களை உள்முகமாக வைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் பின்தையல் போடுக. வயிற்றில் நான்கு விரல் நுழையும் வாய் ஒன்று விடவேண்டும். திருப்புமுன், கழுத்து, கால் இடுக்கு போன்ற உள்வளைவுகளில் தையலுக்கு அருகு வரை சிறு சிறு வெட்டுகள் கொடுக்கவேண்டும். அங்கே ஓரத்துணி திருப்பியபின் விரிய வேண்டியிருப்பதால், வெட்டாவிடின் இழுத்துப் பிடிக்கும். துதிக்கையைத் திருப்பப் பென்சிலின் மழுங்கிய முனை போதும். என் அறைத்தோழர் இதனை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு காதைத் தானே தைத்தார்.

பஞ்சைப் பற்றி எனக்குச் சற்று மன வருத்தம் உண்டு. போடியின் இலவம் பஞ்சை வைக்கவே விரும்பினேன். அதன் இழை உள்ளே வெறுங்குழல், பெரும்பகுதி காற்று. மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் ஒருகாலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்புச் சட்டைகளில் அடைத்தனர். ஆனால் தையல் விட்டால் அது பறந்து குழந்தையின் மூக்கில் ஏறும், துவைத்தால் கட்டியாகும். பருத்திப் பஞ்சும் துவைத்தால் எளிதில் உலராது. இயல்பான காற்றிலேயே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். கமலா நகரில் ரஜாய் நிரப்புபவரிடம் பாலியஸ்டர் பஞ்சு நூற்றைம்பது கிராம் வாங்கினேன். துதிக்கை நுனியில் தொடங்கி, கால்கள், தலை, கடைசியாக வயிறு என்று நிரப்புக. கால்கள் கெட்டியாகவும் வயிறு மெத்தென்றும் இருக்கவேண்டும். வாயை மறைவுத் தையலால் மூடுக.

கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வேண்டவே வேண்டா. கறுப்பு நூலால் தைத்துவிடுக. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதும் அடங்கும் எப்பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்டோர் பொம்மையில் இருத்தலாகாது என்பது பொதுவிதி; தொண்டையில் சிக்கும் அளவை எண்ணி வகுத்தது. இந்தியாவில் 2021 சனவரி முதல் விற்பனைப் பொம்மைகட்குத் தரமுத்திரை கட்டாயமாக்கப்பட்டது. நாம் விற்கவில்லை, எனினும் தொண்டை ஒன்றுதானே. சரிகைக் கரையையும் விலக்குக, கன்னத்தைக் கீறும். ஓராண்டு நிரம்பாக் குழந்தை உறங்குமிடத்தில் எந்தத் துணிப் பொம்மையையும் வைத்தல் கூடாது.

புள்ளிகள் நெருக்கமாயிருந்த துண்டைக் காதுகட்கென ஒதுக்கினேன். அவள் நெருடப் போவது அங்கேதான். வலக்காதின் உட்புறத்தில் அவள் பெயரின் முதலெழுத்தைச் சங்கிலித் தையலில் போட்டிருக்கிறேன். ஆய்வகம் பொங்கலுக்கு நமக்கு விடுமுறை தாராது. யானை மட்டும் அஞ்சலில் போகிறது. பார்சலில், கையகலச் சுங்குடித் துண்டு ஒன்றையும் அதே நிற நூலையும் உறையிலிட்டு வைத்துள்ளேன். முதலில் கிழிவது காதாகத்தான் இருக்கும். அக்காளுக்குப் பின்தையல் தெரியும்.