மருந்துப் பரிசோதனையும் அங்கத்தினர் சம்மதமும்

சில மாதங்களுக்கு முன் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள ஒரு சங்கத்தின் புத்தகங்களைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் பார்த்து முடித்து எழுந்திருக்கும் தருணத்தில், கீரையும் மல்லிகையும் பயிரிடும் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். அவர் கையில் ஒன்பது பக்கங்கள் கொண்ட ஒரு காகிதக் கட்டு இருந்தது.

"ஐயா, இதில் என் சம்சாரம் கையெழுத்துப் போடலாமா? நாளைக் காலைக்குள் வேண்டும் என்கிறார்கள்" என்றார்.

அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய். காலில் ஒரு புண் பல மாதங்களாக ஆறவில்லை. சிகிச்சைக்குச் சென்ற இடத்தில், புண்ணுக்கான புதிய மருந்து ஒன்றைப் பரிசோதித்து வருவதாகவும், விரும்பினால் அதில் சேரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்தில் இதைக் கேட்ட ஒருவர், "உன் வீட்டுக்காரியை எலியாக்கப் போகிறார்கள்" என்று பயமுறுத்தினாராம். இன்னொருவரோ, "இலவச வைத்தியம், விட்டுவிடாதே" என்று தூண்டினாராம். இவ்விரண்டு பேச்சுமே தவறு என்பது நமது அபிப்பிராயம். ஏன் என்பதைச் சற்று விரித்துரைப்பது அங்கத்தினர் பலருக்கும் பயன்படும் என்று எண்ணுகிறோம். சர்க்கரை நோய், ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் நோய், புற்றுநோய் எனப் பலவகை நோயாளிகளையும் இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு அழைக்கிறார்கள். இன்றில்லாவிடினும் நாளை இக்கேள்வி நம்மில் எவர் வீட்டு வாசலுக்கும் வரக்கூடும்.

மருந்துப் பரிசோதனை என்பது யாது? விவசாயிகளுக்கு இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டுவதில்லை. புது விதை ஒன்று வந்தால், வயல் முழுவதிலும் அதை விதைத்துவிட மாட்டோம். ஒரு பாத்தியில் பழைய விதை, அடுத்த பாத்தியில் புது விதை. தண்ணீரும் எருவும் இரண்டுக்கும் சமம். அறுவடையில் எடை போட்டுப் பார்ப்போம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல மண்ணுள்ள பாத்தியைப் புது விதைக்கே கொடுத்துவிட்டால், விளைந்தது விதையாலா, மண்ணாலா என்று சொல்ல இயலாது. ஆகவே எந்தப் பாத்திக்கு எந்த விதை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் ரொனால்டு ஃபிஷர் என்ற அறிஞர் வகுத்த முறை இது. வைத்தியர்கள் பின்னரே இதை விவசாயிகளிடமிருந்து கடன் வாங்கினார்கள். 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் பரிசோதனையில் 107 காசநோயாளிகளை இவ்வாறே பிரித்தார்கள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் எல்லோருக்கும் கொடுக்க அம்மருந்து போதவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சீட்டுக் குலுக்குவது நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் 919, 921-ஆம் ஆண்டுகளிலேயே குடவோலை முறை விவரமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாரபட்சம் உள்ளே நுழையாதிருக்கவே ஓலையைக் குடத்திலிட்டார்கள். வைத்தியத்திலும் நோக்கம் அதுவேயாகும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி நடத்தியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். காசநோய்க்கு அக்காலத்தில் சொல்லப்பட்ட வைத்தியம், நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, அதற்கென ஒரு சானடோரியம் என்பதாகும். தாம்பரம் பக்கத்து இரயில் நிலையம் ஒன்று இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் படுக்கைகள் ஒரு மூலைக்கும் காணா. குழித்தறியில் அமர்ந்து நாளொன்றுக்கு இத்தனை முழம் நெய்தால்தான் அடுப்பெரியும் என்றிருக்கும் குடும்பத்தலைவன், ஓராண்டு சானடோரியத்தில் படுத்துவிட்டால் அக்குடும்பம் என்னாகும்?

ஆகவே ஒரு கேள்வி எழுந்தது. அதே மாத்திரைகளை நோயாளி வீட்டிலிருந்தே உட்கொண்டால் குணமாகுமா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் சென்னையின் நெருக்கமான வீடுகளிலும் ஓராண்டு இருந்து, ஐசோனையசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளையும் உட்கொண்டனர். வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, உழைத்தது அதிகம், இடமோ நெருக்கடி. மாத்திரையை விழுங்கினார்களா, பரண்மேல் போட்டார்களா என்றறிய ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். (முன்னறிவிப்பின்றிச் சென்று இருப்பைச் சரிபார்ப்பதன் அருமை எம் போன்ற இன்ஸ்பெக்டர்களுக்கு நன்கு தெரியும்.)

1959-ல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 100-க்கு 92 பேர். வீட்டில் 86 பேர். இவ்வளவு சிறிய தொகையில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. எல்லோரும் அஞ்சியது வேறொன்று: வீட்டிலுள்ள மனைவி மக்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடாதா? ஐந்தாண்டு கண்காணித்தும் அதற்குச் சான்று கிட்டவில்லை. காசநோய்க்கு வீட்டு வைத்தியமே போதும் என்று உலகம் ஏற்றதற்கு இவ்வாராய்ச்சி பெருங் காரணமாயிற்று. அந்த நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இருக்கிறது.

எல்லாப் பரிசோதனையும் இவ்வாறு மகிழ்ச்சியாக முடிவதில்லை. அம்பத்தூர், ஆவடி தாண்டி மேற்கே சென்றால் திருவள்ளூர். அந்நாளில் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அப்பகுதியின் 209 ஊராட்சிகளிலும் 9 நகரப் பகுதிகளிலும் 1968 முதல் 1971 வரை பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியைப் பரிசோதித்தார்கள். அங்கு வாழ்ந்த மக்கள் தொகை ஏறத்தாழ 3,60,000. சிலருக்கு முழு அளவு ஊசி, சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. எவருக்கு எது என்பது குலுக்கலின்படி. பல்லாண்டு வீடுவீடாகச் சென்று சளியைச் சோதித்தார்கள். 1979-ல் வந்த முடிவு ஏமாற்றமே: வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்தாண்டு முடிவுகள் 1999-ல் வெளியாயின. பெரியவர்களுக்குப் பயனில்லை, குழந்தைகளுக்குச் சிறிதளவே பயன் என்றன அவை. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வராமல் காப்பதால், பிறந்த சிசுவுக்கு அவ்வூசி போடுவது மட்டும் இன்றும் தொடர்கிறது.

இது வீண் முயற்சியா? அன்று என்று எமக்குத் தோன்றுகிறது. பயன் தராத ஒன்றைப் பயனுள்ளது என்று நம்பி உட்கார்ந்திருப்பதைவிட, தராது என்று அறிவது நல்லதன்றோ! ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த 3,60,000 பேருக்கும் இன்றுள்ள சட்டப் பாதுகாப்பு அன்றில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மனிதர்மீதான ஆராய்ச்சிக்கு முதல் நெறிமுறை அறிக்கை வெளியிட்டதே 1980-ல்தான்.

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். பரிசோதனை என்பது விடை தெரியாத கேள்விக்கு விடை தேடுவது. புது மருந்து நல்லது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பரிசோதனையே வேண்டுவதில்லை. எனவே "இலவச வைத்தியம்" என்பது சரியன்று. உங்களுக்குப் புது மருந்து கிடைக்காமலும் போகலாம், கிடைத்தும் பயன்படாமல் போகலாம், தீங்கும் விளையலாம். "எலியாக்குவது" என்பதும் சரியன்று. ஏனெனில் எலி சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுவதில்லை.

அச்சம்மதத்தைப் பற்றித்தான் அந்தப் பெரியவருடன் திண்ணையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். 2019-ல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட புதிய மருந்துகள், மருந்துப் பரிசோதனைகள் பற்றிய விதிகள் சங்கத்தின் துணைவிதிகளைப் போலவே படிக்கத்தக்கவை. முதலாவது, பரிசோதனை பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அப்பதிவேடு 2007-ல் தொடங்கப்பட்டது. சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளுடன் ஆண்டும் மாதமும் சேர்ந்த ஓர் எண் அதற்கு உண்டு. பதிவெண் இல்லாத சங்கத்தில் பங்குத் தொகை கட்டுவோமா? அடுத்து, நெறிமுறைக் குழு அதை அனுமதித்திருக்க வேண்டும். அக்குழுவில் ஏழு பேருக்குக் குறையக்கூடாது. பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவராயிருக்க வேண்டும். சட்டம் அறிந்தவரும், ஒரு பெண்மணியும், வைத்தியரல்லாத ஒரு சாதாரணக் குடிமகனும் இடம்பெற வேண்டும். நம்முடைய நிர்வாகக் குழுக்கள் பலவற்றைவிட இது மேல் என்று சொல்லத் தோன்றுகிறது.

பெரியவருக்கு இவற்றைவிடப் பணக் கேள்வியே முக்கியமாயிருந்தது. "ஏதாவது ஆகிவிட்டால்?" என்றார். பரிசோதனையில் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும். அக்கேட்டுக்குப் பரிசோதனையே காரணம் எனக் கண்டால் நஷ்டஈடும் தரவேண்டும். மரணம் நேர்ந்தால் அது நியமனதாரருக்குச் சேரும். இதற்காகவே சம்மதப் படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், நியமனதாரர் பெயர் ஆகியன கேட்கப்படுகின்றன. அந்தக் கட்டங்களை வெறுமையாக விடலாகாது. இடையில் எப்பொழுது வேண்டுமாயினும் விலகலாம். விலகினால் வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையெழுத்தான படிவத்தின் பிரதியும், தகவல் தாளின் பிரதியும் நோயாளி கையில் வந்தாக வேண்டும். ரசீதில்லாமல் பணம் கட்டாதீர் என்று நாம் ஓயாமல் சொல்வதில்லையா?

"நாளைக் காலைக்குள்" என்ற அவசரத்தைத்தான் எம்மால் ஏற்க முடியவில்லை. யோசிக்கவும், உற்றாரையும் வேறொரு டாக்டரையும் கலந்து பேசவும் நோயாளிக்கு அவகாசம் வேண்டும். அவ்வாறு அவசரப்படுத்திய ஊழியர் தம் வேலையைச் சரிவரச் செய்யவில்லை. பெரியவரிடம் இதைச் சொல்லி, ஒரு வாரம் தவணை கேட்கும்படி கூறினோம். பிறகு நாம் கேட்க மறந்திருந்த ஒன்றைக் கேட்டோம்.

"அம்மா என்ன சொல்கிறார்கள்?"

பெரியவர் சற்று விழித்தார். "அவளிடம் இன்னும் கேட்கவில்லை, ஐயா. நான் சொன்னால் போட்டுவிடுவாள்."

மறுவாரம் இருவரும் சங்கத்துக்கு வந்தார்கள். அந்த அம்மாள் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒன்பது பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்திருந்தார். பதினான்கு வாரம் செவ்வாய்தோறும் வரவேண்டும் என்றிருந்த இடத்தில் பேனாவால் கோடிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆவடிச் சந்தைக்குக் கீரை கொண்டுபோகும் நாள். அதை மாற்ற முடியுமா என்பது அவருடைய முதல் கேள்வி. பழைய மருந்துப் பிரிவில் சீட்டு விழுந்தால் புண்ணுக்கு இப்பொழுது கட்டும் மருந்து நிற்குமா, தொடருமா என்பது இரண்டாவது. இரண்டும் எமக்குத் தோன்றாத கேள்விகள். படிவத்திலிருந்த எண்ணுக்கு அவரே தொலைபேசியில் பேசினார். நாளை வியாழனாக மாற்றிக் கொடுத்தார்கள். கட்டும் மருந்து இரு பிரிவினருக்கும் தொடரும் என்று பதில் வந்தது. அதைக் காகிதத்தில் எழுதித் தரும்படியும் கேட்டு வாங்கினார்.

கையெழுத்திட்டார். நியமனதாரர் என்ற கட்டத்தில், திருமழிசையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளின் பெயரை எழுதினார். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.