எம்.சி.பி. மட்டும் போதுமா?



போன சரக்குக்கும் வந்த பணத்துக்கும் கணக்கு இடித்தால் நாம் தூங்குவதில்லை. ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் அப்படித்தான். ஃபேஸில் போன கரண்டு முழுவதும் நியூட்ரலில் திரும்பியதா என்று பார்க்கும். குறைந்தால் உடனே துண்டிக்கும். குறைந்தது ஓர் ஆளின் உடம்பு வழியாகவும் இறங்கியிருக்கலாம்.

எம்.சி.பி. அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டுமே விழும். 16 ஆம்பியர் எம்.சி.பி. சும்மா இருக்கும்போதே 0.1 ஆம்பியர் உயிரைப் பறித்துவிடலாம். ஆகவே இரண்டும் வேண்டும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகள், 42-ஆம் பிரிவில் கசிவுப் பாதுகாப்பைக் கேட்டன. 2023-இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 30 மில்லிஆம்பியர் ஆளைக் காக்கும். 300 தீயைத் தடுக்கத்தான் உதவும். கை படும் பிளக் பாயிண்டுகளுக்கு 30-தான் சரி.

ஒரு ஐப்பசி மழையில் என் கடையில் இது அடிக்கடி விழுந்தது. வியாபாரம் கெடுகிறதே என்று நேரடி இணைப்புக் கொடுக்கச் சொன்னேன். மறுவாரம் பிரிட்ஜைத் தொட்ட வேலையாள் தூக்கி எறியப்பட்டார். தெய்வாதீனமாகப் பிழைத்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒயரை எலி கடித்திருந்தது. கருவி சொன்னது உண்மை. கேளாதது என் குற்றம்.

எனவே, விழுந்தால் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழுதைத் தேடுங்கள். எர்த்தைச் சரிபாருங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்; விழாவிட்டால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து மாற்றிவிடுங்கள்.