வெளிநாட்டில் தொழில்: முதல் பணம் புறப்படும் முன்

சென்ற ஆண்டு எம் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், துபாயில் மைத்துனருடன் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துவதாகவும், அதன் இலாபத்தைக் கொண்டுவந்து இங்குள்ள வீட்டுக் கடனை அடைக்க விரும்புவதாகவும் கூறினார். முதலீட்டை எவ்வாறு அனுப்பினீர்கள் என்று கேட்டோம். மைத்துனரின் கணக்குக்கு, ‘குடும்பப் பராமரிப்பு’ என்று எழுதி அனுப்பினாராம். அப்படி எழுதினால் வேலை விரைவில் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அக்கடையில் அவருக்குப் பங்கு உண்டு என்பதற்கு இந்தியப் பதிவேடு எதிலும் சான்று இல்லை.

இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2004இல் இத்திட்டம் தொடங்கியபோது வரம்பு 25,000 டாலராக இருந்தது. தொழில் முதலீடு மட்டுமன்றி, பிள்ளையின் வெளிநாட்டுக் கல்விக் கட்டணமும் சுற்றுலாச் செலவும் இதே வரம்புக்குள் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வரம்பைவிட முக்கியமானது வரிசை முறை. வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கு பெறுவதற்காகப் பணம் அனுப்பும் முன்னரே, அதற்குரிய படிவத்தை வங்கியில் அளித்து, ரிசர்வ் வங்கியிடமிருந்து அம்முதலீட்டுக்கெனத் தனி அடையாள எண் பெற வேண்டும். பணம் அனுப்பிய ஆறு மாதங்களுக்குள் பங்குச் சான்றிதழை வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் பொதுவாக ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அந்நிறுவனத்தின் செயல்பாட்டு அறிக்கை வர வேண்டும். கடையில் வியாபாரம் சூடுபிடித்த நாள்களில் இக்கடைசிக் கடமைதான் முதலில் கைவிடப்படுகிறது.

துபாய் செல்வோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், அங்குப் பல தொழில்களை உள்ளூர்ப் பங்காளி இன்றி முழு உரிமையுடன் நடத்தலாம். எளிது என்பதற்காகச் சிலர் தனி உரிமையாளர் பெயரில் உரிமம் எடுத்துவிடுகின்றனர். அத்தகைய கடையின் கடன்களுக்கு உரிமையாளரே எல்லையின்றிப் பொறுப்பாவார். நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளோ, பொதுவாகப் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனத்தையே ஏற்கின்றன. தனிநபர் முதலீட்டாளர் அங்கு நிதிச் சேவைத் தொழிலில் இறங்கவும் பொதுவாக இயலாது. ஆகவே உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே எம்மிடம் கேட்டுவிடுவது நல்லது.

செலவுக் கணக்கில் வரியையும் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பும் தொகையில் 20 விழுக்காடு வரியாக முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. 30 லட்சம் அனுப்புபவர் மேலும் 4 லட்சத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் அது ஈடுசெய்யப்படும். ஆனால் கடைக்கு முன்பணம் கட்டும் வாரத்தில் அந்த ஆறுதல் உதவாது. துபாயிலும் 2023 ஜூன் முதல், 3,75,000 திர்ஹமுக்கு மேற்பட்ட இலாபத்துக்கு 9 விழுக்காடு வரி உண்டு. அங்குள்ள பங்கை இங்கு வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியிலும் காட்ட வேண்டும். தவறினால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் இடமளிக்கிறது.

நாம் முதலில் கூறிய வாடிக்கையாளருக்கு வழி முற்றிலும் அடைபடவில்லை. நடந்த விதிமீறலை ரிசர்வ் வங்கியிடம் தாமே ஒப்புக்கொண்டு, அவர்கள் குறிக்கும் தொகையைச் செலுத்தித் தீர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. பட்டயக் கணக்காளர் ஒருவரின் துணையுடன் அவ்விண்ணப்பத்தை அவர் அளித்திருக்கிறார். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை செலுத்தியபடி, அதன் முடிவுக்காகக் காத்திருக்கிறார்.