‘ஹிம்’மோடு நின்றுவிடாதீர்கள்!



சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் மின்சார ரயிலில் ஏறி வடக்கே சென்றால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி வரும். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ள ஊர் இது. இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் பல உண்டு. ஆலை வாயிலில் நின்று கேட்டால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழும். இத்தனை மொழிக்காரர்களுக்கு நடுவே பல சமயம் ஆங்கிலமே பாலமாகிறது. உங்களில் சிலர் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்து, பின்னர் இப்படிப்பட்ட ஆலை ஒன்றில் பயிற்சியாளராகச் சேரக் கூடும். அங்கே ஒரு சின்ன ஆங்கில வாக்கியம் என்ன செய்யும் என்று பார்ப்போமா?

(ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறோம். நோட்டுப் புத்தகத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள்.)

ஒரு கற்பனைக் காட்சி

ஆலையின் கூரையை ஒட்டி ஓடும் கிரேன் பாதி வழியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் கம்பிக் கட்டு தொங்குகிறது. ஆபரேட்டர் மேலே கூண்டில் இருக்கிறார். கீழே நிற்கும் வெளி மாநில மேற்பார்வையாளர் புதிய பயிற்சியாளரிடம் கத்துகிறார்:

“ஸெண்ட் ஹிம் எ ஃபிட்டர்!”

இரைச்சலில் பையன் காதில் விழுந்தது முதல் இரண்டு சொல்தான். ‘ஸெண்ட்’ என்றால் அனுப்பு. ‘ஹிம்’ என்றால் அவனை. ‘அவரை அனுப்பச் சொல்கிறார்’ என்று எண்ணி, ஆபரேட்டரைக் கீழே இறங்கி வரும்படி கை காட்டுகிறான். சுமை தொங்கும்போது ஆபரேட்டர் கருவியை விட்டு அகலக் கூடாது என்பது கிரேன் வேலையின் முதல் பாடங்களில் ஒன்று. மேற்பார்வையாளர் சொன்னதோ, ‘அவருக்கு ஒரு ஃபிட்டரை அனுப்பு’ என்று! போக வேண்டியவர் ஃபிட்டர். இருக்க வேண்டியவர் ஆபரேட்டர். பையன் இருவரையும் மாற்றிவிட்டான்.

அவனுக்குச் சொற்களின் பொருள் தெரியாமல் இல்லை. பிரதிப்பெயரோடு நின்றுவிட்டான், அதன் பின்னால் வந்த பெயரைக் கவனிக்கவில்லை. அதுதான் தவறு.

உருபும் இடமும்

தமிழில் இந்தக் குழப்பம் வராது. ‘அவரை’ என்றால் இரண்டாம் வேற்றுமை. ‘அவருக்கு’ என்றால் நான்காம் வேற்றுமை. ‘அவருக்கு ஒரு ஃபிட்டரை அனுப்பு’ என்றாலும், ‘ஒரு ஃபிட்டரை அவருக்கு அனுப்பு’ என்றாலும் பொருள் ஒன்றே. சொல் எங்கே இருந்தாலும் ஐ, கு என்னும் உருபுகள் அதன் வேலையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலத்தில் ‘அவனை’ என்பதற்கு ‘ஹினே’ என்றும் ‘அவனுக்கு’ என்பதற்கு ‘ஹிம்’ என்றும் தனித்தனி வடிவங்கள் இருந்தன. நாளடைவில் சொல் இறுதிகள் தேய்ந்தன. ‘ஹினே’ மறைந்தது, ‘ஹிம்’ இரண்டு வேலையையும் ஏற்றுக்கொண்டது. உருபு செய்த வேலை இப்போது இடத்திற்கு வந்து சேர்ந்தது. ஆகவே ஆங்கிலத்தில் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே நமக்கு உருபு!

ஒரு வினை, மூன்று பொருள்

‘கால்’ என்னும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கால் ஹிம். — அவனைக் கூப்பிடு.
2. கால் ஹிம் எ டாக்சி. — அவனுக்கு ஒரு டாக்சியைக் கூப்பிடு.
3. கால் ஹிம் எ ஹீரோ. — அவனை வீரன் என்று சொல்.

மூன்றிலும் ‘கால் ஹிம்’ மாறவில்லை. பின்னால் ஒன்றும் வராதபோது ‘ஹிம்’ என்பது ‘அவனை’. டாக்சி வந்ததும் அது ‘அவனுக்கு’ ஆகிவிட்டது. ஹீரோ வந்ததும் மீண்டும் ‘அவனை’ ஆனது. ஆனால் இப்போது அவனும் வீரனும் ஒரே ஆள். பிரதிப்பெயரின் வேற்றுமையைத் தீர்மானிப்பது அதன் பின் வரும் பெயர்தான் என்பது விளங்குகிறதல்லவா?

இரண்டாவது வகையில், பெறுபவர் ஒருவர், பொருள் வேறொன்று. மூன்றாவது வகையில், இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன. எது எந்த வகை என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு.

முதல் சோதனை: இடையில் ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘ஹி இஸ் எ ஹீரோ’ பொருந்துகிறது. எனவே மூன்றாம் வகை. ‘ஹி இஸ் எ டாக்சி’ என்றால் சிரிப்புத்தான் வரும்.

இரண்டாவது சோதனை: இடம் மாற்றி ‘டு’ அல்லது ‘ஃபார்’ சேருங்கள். ‘ஸெண்ட் எ ஃபிட்டர் டு ஹிம்’, ‘கால் எ டாக்சி ஃபார் ஹிம்’. பொருள் கெடாமல் நின்றால் அது பெறுபவர் வகை. கிவ், ஸெண்ட், ஷோ, டீச், டெல் போன்றவை ‘டு’ ஏற்கும். பை, மேக், கெட், ஃபைண்ட் போன்றவை ‘ஃபார்’ ஏற்கும். கொடுக்கப்படும் பொருளே பிரதிப்பெயராக இருந்தால் ‘கிவ் இட் டு மீ’ என்று ‘டு’ போட்டுச் சொல்வதே வழக்கம்.

எல்லா வினையும் இடம் தராது

‘டெல் மீ த ரீடிங்’ என்கிறோம். அதே போல ‘எக்ஸ்ப்ளெயின் மீ த டிராயிங்’ எனலாமா? கூடாது. ‘எக்ஸ்ப்ளெயின் த டிராயிங் டு மீ’ என்பதே சரி. நம் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது. எக்ஸ்ப்ளெயின், டிஸ்கிரைப், ஸஜெஸ்ட், ரிப்போர்ட் ஆகியவை லத்தீன் வழியில் ஆங்கிலத்திற்கு வந்தவை. இத்தகைய வினைகள் பல, பெறுபவரைத் தமக்கு அடுத்து நிற்க விடுவதில்லை. கிவ், ஸெண்ட், டெல், ஷோ ஆகியவை ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொற்கள், அவை விடுகின்றன. இது பொதுப் போக்கே தவிர, விலக்கில்லாத விதி அன்று.

அப்படியானால் எந்த வினை எப்படி நிற்கும் என்று எங்கே பார்ப்பது? இதற்காகவே உழைத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். ஹெரால்டு பாமர் 1922ல் ஜப்பானுக்குச் சென்று ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்தார். அவர் வழியில் வந்த ஏ. எஸ். ஹார்ன்பி, வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்று குறிக்கும் அகராதி ஒன்றை இரு நண்பர்களுடன் உருவாக்கினார். அது 1942ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாயிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுந்த நூல் அது. இன்றைய பதிப்புகளில் அந்த எண்கள் இல்லை. ‘ஒருவருக்கு – ஒன்றை’ என்பதைக் காட்டும் சுருக்கக் குறிகள் இருக்கின்றன. பள்ளி நூலகத்தில் கிடைத்தால் ‘கிவ்’, ‘எக்ஸ்ப்ளெயின்’ இரண்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

கீழ்க்கண்டவற்றில் பிரதிப்பெயர் ‘உக்கு’ வகையா, ‘ஐ’ வகையா? பிழை உண்டா?

1. ஷோ மீ த ஸேஃப்டி வால்வ்.
2. தே மேட் ஹெர் த லீடர்.
3. பை அஸ் நியூ கிளவுஸ்.
4. டிஸ்கிரைப் மீ த மெஷின்.
5. ஐ ஃபவுண்ட் ஹிம் எ குட் ஹெல்ப்பர்.

விடைகள்: 1. எனக்கு. 2. அவளை, அவளே தலைவி. 3. எங்களுக்கு. 4. பிழை; ‘டிஸ்கிரைப் த மெஷின் டு மீ’ என்க. 5. இரண்டும் பொருந்தும்! ‘அவனுக்கு ஒரு நல்ல உதவியாளரைத் தேடிக் கொடுத்தேன்’ என்றும் கொள்ளலாம். ‘அவனை நல்ல உதவியாளனாகக் கண்டேன்’ என்றும் கொள்ளலாம். ஆங்கிலேயருக்கும் இங்கே முன்பின் பேச்சைக் கொண்டுதான் பொருள் தெரியும்.

ஐந்தாவது விடை ஒரு படிப்பினை தருகிறது. வாக்கியம் முழுவதையும் கேட்டபின்னும் ஐயம் இருந்தால் வாய் திறந்து கேளுங்கள். கிரேனுக்குக் கீழே நின்ற அந்தப் பையன் கையைக் காட்டுமுன் “ஸெண்ட் ஹூ, ஸார்?” என்று கேட்டிருக்கலாம். கச்சிதமான இலக்கணப்படி அது ‘ஹூம்’ என்று இருக்க வேண்டும் என்பார் சிலர். இருக்கட்டும், அந்த ஒரு கேள்வி போதும், ஆபரேட்டர் தம் இடத்திலேயே இருந்திருப்பார்.