பலெர்மோவின் சுண்ணாம்பு மலைகளில் இணைந்து நடத்தல்

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோ, ஒருபுறம் திர்ரேனியக் கடலும் மற்றப் புறங்களில் சுண்ணாம்புப் பாறை மலைகளும் சூழ்ந்த சமவெளியில் அமைந்துள்ளது. ஒருகாலத்தில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்திருந்த இச்சமவெளி ‘பொற்கிண்ணம்’ என்ற பொருளில் ‘கோன்கா தோரோ’ என்று இன்றும் வழங்கப்படுகிறது. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர் இந்நகரில் குடியேறத் தொடங்கினர். அவர்களில் பலர் வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் வேலை தேடிக்கொண்டதால், அத்தொழிலின் வழக்கமான ஓய்வுநேரங்களான வியாழன் பிற்பகலும் ஞாயிறுமே கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியே செல்லக் கிடைக்கும் பொழுதுகளாயின. அவ்வாறு கிடைத்த பொழுதுகளில் நகரைச் சூழ்ந்த மலைகளை நடந்தே அறிந்த யாழ்ப்பாணத் தம்பதியர் இருவரின் அனுபவம் இக்கட்டுரைக்கு அடிப்படையாகும். தீவு முழுவதையும் ஒரே விடுமுறையில் சுற்றிவர முயல்வதைக் காட்டிலும், ஒரே ஊரில் தங்கி, அதைச் சூழ்ந்த மலைகளைப் பருவம் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பழகுவதே ஓர் இணையருக்கு நிறைவான பயணம் என்பது அவ்வனுபவத்தின் சாரம்.

இந்த வரிசையில் முதலாவது, நகரின் வடக்கே கடலோரத்தில் தனித்து எழும் மோன்தே பெல்லெக்ரீனோ. ஏறத்தாழ 600 மீட்டர் உயரமே உள்ள இம்மலையை, 1787 ஏப்ரலில் பலெர்மோவுக்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கோத்தே, உலகின் மலைமுனைகளிலேயே மிக அழகானது என்று போற்றினார். 12ஆம் நூற்றாண்டில் இங்கே தவவாழ்வு வாழ்ந்ததாக நம்பப்படும் புனித ரொசாலியாவின் எலும்புகள் 1624இல், நகரைக் கொள்ளைநோய் வாட்டிய ஆண்டில், இம்மலைக் குகையில் கண்டெடுக்கப்பட்டன. மறு ஆண்டு அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றபின் நோய் தணிந்ததாக மக்கள் நம்பியதால் அவர் நகரின் காவல் புனிதையானார். ஆண்டுதோறும் செப்டம்பர் 3ஆம் நாள் இரவு மக்கள் திரளாகக் கால்நடையாய் மலையேறும் நேர்ச்சை ‘அக்கியனாத்தா’ எனப்படுகிறது. கத்தோலிக்கத் தமிழர் மட்டுமின்றிச் சைவத் தமிழரும் இக்குகைக் கோயிலுக்குச் செல்கின்றனர் என்பது பலெர்மோவின் சமூக வாழ்வை ஆராய்ந்தோர் பலமுறை பதிவுசெய்துள்ள செய்தி. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன மரபில் வந்தவர்களுக்கு, மலைமேல் குகையில் உறையும் தெய்வத்தை நடந்து சென்று வணங்குவது அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

மலையடிவாரத்திலிருந்து கோயில் வரை செல்லும் பழைய கல்பாவிய பாதை 17ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. செங்குத்தான இடங்களில் கல்வளைவுகளின் மேல் தாங்கப்பட்டு, மடிந்து மடிந்து ஏறும் இப்பாதையை நிதானமாக நடப்பவர் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கலாம். நூற்றாண்டுகளாகப் பக்தர்களின் கால்பட்டுத் தேய்ந்த சுண்ணக்கற்கள் வழவழப்பாக இருப்பதால், மழைநாளிலும் மழை விட்ட மறுநாள் காலையிலும், ஏறும்போதைவிட இறங்கும்போதே சறுக்கல் மிகுதி. அடிப்பகுதி தேய்ந்த ஓட்டப்பயிற்சிச் செருப்பை விடுத்து, பிடிமானமுள்ள கணுக்கால் உயரச் சப்பாத்தை முதற்செலவாக வாங்குவது நல்லது. கோயிலுக்குள் சென்றால், குகைக்கூரையில் கசியும் நீரைப் பிடிக்கவென்று வளைந்து நெளிந்து பொருத்தப்பட்ட உலோகத் தகட்டு வாய்க்கால்களைக் காணலாம்; சொட்டும் நீர் அவற்றின் வழியே ஓடி ஓரிடத்தில் சேர, பக்தர்கள் அதைத் தீர்த்தமாகக் கருதுகின்றனர். பாறைக்குள் நீர் இவ்வாறு இறங்கி ஓடுவதை இங்கே கவனித்துக்கொள்வது, பின்னர் உயர்ந்த மலைகளுக்குச் செல்லும்போது உதவும்.

காரணம், பலெர்மோவைச் சூழ்ந்த மலைகளில் பெரும்பாலானவை ‘கார்ஸ்ட்’ நிலம் என்று புவியியலாளர் கூறும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, மழைநீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து, பிளவுகளும் குழிகளும் குகைகளும் உண்டாக்கி, நிலத்தின் மேல் ஓடாமல் நிலத்துக்குள்ளேயே புகுந்துவிடும் நிலம். யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணக்கல் நிலமே. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாததும், நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் ஊற்றாக நிற்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே யாழ்ப்பாணத்தவருக்கு இம்மலைகளின் இயல்பு எளிதில் விளங்கும்: மேலே பச்சைப்பசேலென்று இருந்தாலும் குடிக்கும் நீர் கிடைக்காது, நீர் அடிவாரத்து ஊர்களில்தான் வெளிப்படும். ஒரு நாள் நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டரேனும், வெயில் காலத்தில் அதற்கு மேலும், புறப்படும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். இருவரின் நீரையும் உணவையும் கணவனே ஒரே பையில் சுமக்கும் வழக்கம் அன்பின் பாற்பட்டதே எனினும் மலையில் அது தவறான ஏற்பாடு. மூடுபனியிலோ காட்டுப்பாதையின் பிரிவிலோ இருவரும் சிறிது நேரம் பிரிய நேர்ந்தால், ஒருவரிடம் எல்லாமும் மற்றவரிடம் ஒன்றுமில்லாமலும் போகும். நீர், விசில், கைவிளக்கு, மழையங்கி, மின்னேற்றம் நிறைந்த தொலைபேசி ஆகியவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

வேகத்தைப் பற்றிய பாடமும் இத்தகையதே. விரைந்து நடப்பவர் முன்னே சென்று, ஒரு திருப்பத்தில் நின்று காத்திருந்து, பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் உடனே மீண்டும் புறப்படுவதை எத்தனையோ இணையரிடம் காணலாம். இதில் ஓய்வு தேவைப்பட்டவருக்கே ஓய்வு கிடைப்பதில்லை. மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு மற்றவர் பின்தொடர்ந்தால் இக்குறை நீங்குவதோடு, எப்போது நிற்பது என்பதை முன்னே செல்பவரே தீர்மானிக்கிறார். மேற்சொன்ன தம்பதியரில் மனைவியே முன்னே நடப்பார். “இஞ்சாருங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ” என்று அவர் சொன்ன இடத்தில், ஏன் என்று கேளாமல், இருவரும் நிற்பது அவர்களுக்குள் எழுதாத விதி. அதைப்போலவே, திரும்ப வேண்டிய நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்வதும், இருவரில் யார் ‘திரும்புவோம்’ என்றாலும் விவாதமின்றித் திரும்புவதும் அவர்களின் விதிகள். உச்சிக்கு அருகில் நின்றுகொண்டு வாதிடுவதால் இழக்கும் பகல்வெளிச்சம், உச்சியைத் தொடுவதால் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட மதிப்புடையது.

அடுத்த படியாக, தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய செஃபலுவின் பாறைக்குன்று தகும். 270 மீட்டர் உயரமே கொண்ட அதன் மேலிருந்து, மன்னன் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கிய பேராலயம் காலடியில் தெரியும். அதன் பின்னர் மேற்கே, டிராப்பானி மாகாணத்தைச் சேர்ந்ததாயினும் பலெர்மோவிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஸிங்கரோ காப்பகம். ஸ்கோபெல்லோவுக்கும் சான் வீத்தோ லோ காபோவுக்கும் இடையே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளும் இக்கடற்கரையில் வண்டி செல்லும் சாலை இல்லை. இல்லாததற்குக் காரணம் இயற்கையன்று, மக்கள். கடலோரச் சாலை வெட்டும் பணி தொடங்கிவிட்ட நிலையில், 1980 மே 18ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் அங்கே பேரணியாக நடந்து அதை எதிர்த்தனர். அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி அது சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமாயிற்று. கைவிடப்பட்ட சாலைக்கெனக் குடைந்த சுரங்கவழி ஸ்கோபெல்லோப் பக்க நுழைவாயிலை அடுத்து இன்றும் உள்ளது. அதன் இருளைக் கடந்து வெளியே வந்ததும் சாலை முடிந்து ஒற்றையடிப்பாதை தொடங்குவதை நேரில் காண்பவர், போராட்டம் எதைக் காத்தது என்பதை வேறு விளக்கமின்றி உணர்வர்.

இங்கே செழித்து வளரும் குட்டைப் பனை, ஐரோப்பாவில் இயற்கையாக வளரும் மிகச் சில பனையினங்களுள் ஒன்று. அதன் ஓலையிலிருந்தும் நாரிலிருந்தும் துடைப்பமும் கயிறும் கூடையும் செய்தவர்களின் கைத்தொழிலைக் காட்டும் சிறிய காட்சியகம் காப்பகத்துக்குள்ளேயே இருக்கிறது. நீற்றுப்பெட்டியும் கடகமும் இழைத்த கைகளைப் பார்த்து வளர்ந்த தமிழர் அக்கூடைகளின் முன்னே நெடுநேரம் நிற்பர், நிற்கவும் வேண்டும். பாதையில் நிழல் மிகக் குறைவு. ஆகவே காலை எட்டு மணிக்குள் நடையைத் தொடங்கி, நண்பகலில் ஏதேனும் ஒரு சிறுகுடாவில் தங்கி, வெயில் சாய்ந்தபின் திரும்புவது முறை.

தெற்கே, கொர்லியோனே செல்லும் வழியில், ஃபிகூத்சாக் காடும் அதன் பின்னே 1613 மீட்டர் உயரத்துக்குச் சுவர்போல் எழும் ரோக்கா புசாம்ப்ராவும் உள்ளன. நேப்பிள்ஸிலிருந்து 1798இல் பலெர்மோவுக்குத் தப்பி வந்த புர்போன் மன்னன் ஃபெர்டினாண்டின் வேட்டை மாளிகை இக்காட்டின் விளிம்பில் நிற்கிறது. கருவாலி மரங்களினூடே, பழைய குறும்பாதை ரயில்தடத்தின் வழியே நடப்பது எளிது, இன்பமானது. ஆனால் இம்மலைக்கு வேறொரு வரலாறும் உண்டு. நிலமற்ற உழவர்களைத் திரட்டிய கொர்லியோனேத் தொழிற்சங்கத் தலைவர் பிளாசிதோ ரித்சோத்தோவை 1948 மார்ச் 10ஆம் நாள் மாஃபியாவினர் கொன்று, உடலை இம்மலையின் ஆழ்ந்த பாறைப்பிளவு ஒன்றில் எறிந்தனர். எஞ்சியவை 2009இல் மீட்கப்பட்டு, மரபணுச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டு, 2012 மே மாதத்தில் அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து நடந்த அடக்கம். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரை அறிந்த ஈழத்தமிழ் இணையர், அம்மலையடியில் நின்று வெறும் இயற்கைக் காட்சியை மட்டும் காண இயலாது. காணவேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று. நடக்கும் நிலத்தின் துயரத்தை அறிந்து நடப்பதும் பயணத்தின் பகுதியே.

இவ்வளவும் பழகியபின் மதோனியே மலைத்தொடருக்குச் செல்லலாம். 1989இல் நிறுவப்பட்ட மதோனியே பூங்காவில் உள்ள பித்சோ கர்போனாரா 1979 மீட்டர் உயரமுடையது. சிசிலியில் எட்னா எரிமலைக்கு அடுத்த உயரம் இதுவே. ஏறத்தாழ 1600 மீட்டர் உயரத்திலுள்ள பியானோ பத்தாலியா மேட்டுவெளியிலிருந்து உச்சிக்கு ஏறும் வழியில், மேலே விளக்கிய கார்ஸ்ட் நிலத்தின் முழு உருவத்தையும் காணலாம்: கிண்ணம் கிண்ணமாகக் குழிந்த பள்ளங்கள், அவற்றுக்கிடையே புல், வெண்பாறை, விளிம்பில் பீச் மரங்கள். மூடுபனி இறங்கினால் ஒரு பள்ளம் மற்றொன்றைப் போலவே தோன்றி வழி தப்பும் என்பதால், இத்தாலிய மலையேறுவோர் சங்கத்தார் பாறைகளில் தீட்டியுள்ள சிவப்பு-வெள்ளைப் பட்டைக் குறிகளில் ஒன்று கண்ணில் படாமல் அடுத்தடுத்த திருப்பங்களைக் கடக்கக்கூடாது. குறி மறைந்தால் கடைசியாகக் கண்ட குறிக்கே திரும்ப வேண்டும். மேய்ச்சல் மந்தை எதிர்ப்பட்டால் அதன் நடுவே புகாமல் தொலைவாகச் சுற்றிச் செல்லல் நலம். மந்தையைக் காக்கும் வெள்ளை நாய்கள் தம் கடமையைச் செய்பவை, ஓடுபவரை அவை துரத்தும்.

இம்மலைத்தொடரின் அரிய செல்வம் ‘நெப்ரோதி ஃபிர்’ என்னும் ஊசியிலை மரம். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இம்மரத்தில், போலித்சி ஜெனெரோசாவை அடுத்த பள்ளத்தாக்கில் முதிர்ந்தவை ஏறத்தாழ முப்பது மட்டுமே எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு வேலி கட்டிக் காக்கின்றனர். வேலியைத் தாண்டிக் கிட்டே செல்வதும், கூம்புக்காய் ஒன்றை நினைவாக எடுத்து வருவதும் அந்த இனத்துக்கே இழைக்கும் தீங்கு. அருகிலுள்ள கஸ்தெல்புவோனோ, பொல்லீனா ஊர்களில் கோடையில் ‘ஃபிராசினோ’ என்னும் மரத்தின் பட்டையைக் கீறி, வழியும் சாறு வெயிலில் வெண்ணிறக் கட்டியாக உறைந்தபின் சேகரிக்கும் ‘மன்னா’த் தொழில் இன்றும் நடக்கிறது. பதநீருக்குப் பாளையைச் சீவும் நுட்பத்தை அறிந்தவர், கீறலின் ஆழத்திலும் நேரத்திலும் அவ்வுழவர் காட்டும் கவனத்தை நன்கு மதிப்பர்.

பருவத்தேர்வே எல்லாவற்றிலும் முதன்மையானது. ஏப்ரல் முதல் சூன் தொடக்கம் வரையும், அக்டோபரிலும் இம்மலைகள் நடப்பதற்கு உகந்தவை. டிசம்பர் முதல் மார்ச் வரை மதோனியே உச்சிகளில் பனி படியும். கோடையில், சகாராவிலிருந்து வீசும் ‘ஷிரோக்கோ’ என்னும் வெங்காற்று ஈரத்தை உறிஞ்சிவிட, சிறு பொறியும் பெருந்தீயாகும். 2023 சூலையில் பலெர்மோவைச் சூழ்ந்த மலைகள் எரிந்து, விமான நிலையமே சில மணி நேரம் மூடப்பட்டது. ஆகவே கோடைநாட்களில் வட்டாரக் குடிமக்கள் பாதுகாப்புத் துறை வெளியிடும் வெப்ப, தீ எச்சரிக்கையைப் பாராமல் காட்டுக்குள் செல்லக்கூடாது. சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் எவ்வளவு அரிதாக விடுமுறை கிடைத்திருந்தாலும் நடையைக் கைவிட வேண்டும். ஞாயிறன்று ஊர்ப்புறப் பேருந்துகள் மிகக் குறைவு என்பதால் திரும்பும் வண்டியை முதலில் உறுதிசெய்து, அதற்கேற்ப நடையைத் திட்டமிடுவதும், செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் நகரிலுள்ள ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுவதும் தவறாமல் செய்யவேண்டியவை.

பலெர்மோவில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் பெற்றோரின் கைபிடித்துப் புனித ரொசாலியாவின் மலையை ஏறியிருப்பர். அப்பெற்றோர் அத்தோடு நிறுத்திவிடாமல், பிள்ளைகளின் கால்கள் வலுப்பெற்றதும் அவர்களை ஸிங்கரோவின் சுரங்கவழிக்கும், புசாம்ப்ராவின் அடிவாரத்துக்கும், வேலிக்குள் நிற்கும் அந்த ஃபிர் மரங்களுக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். செல்லுமுன் ஒன்றை மட்டும் அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தல் அவசியம்: மலையில் ஆபத்து நேர்ந்தால் 112 என்ற எண்ணை அழைத்து, ‘சொக்கோர்சோ அல்பீனோ’, அதாவது மலை மீட்புப் படை வேண்டும் என்று சொல்ல வேண்டும்.