வாணலியில் ஒரு வெப்பப் பாடம்

வெப்பம் பரவும் மூன்று முறைகளையும் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். வெப்பக் கடத்தலுக்கு எடுத்துக்காட்டு கேட்டால், சூடான பாலில் இட்ட கரண்டி என்று ஒரே குரலில் பதில் வருகிறது. ஆனால், "எள்ளை வறுத்ததும் ஏன் உடனே தட்டில் கொட்டுகிறார்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. வீட்டில் பார்ப்பது வேறு, புத்தகத்தில் படிப்பது வேறு என்றே அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்க, கடலையும் எள்ளும் வறுப்பதையே இரண்டு பாடவேளைகளுக்கான செயல்பாடாக அமைத்தேன்.

நான் பணிபுரியும் பள்ளி திருவண்ணாமலை மாவட்டத்தில் வேர்க்கடலை விளையும் ஊர் ஒன்றில் உள்ளது. இங்கே அதன் பெயர் மல்லாட்டை. வறுப்பதைப் பார்க்காத பிள்ளை வகுப்பில் ஒருவரும் இல்லை. இந்தச் செயல்பாட்டுக்கு அதுவே போதுமான முன்னறிவு.

தேவையானவை

தோலுடன் கூடிய உலர்ந்த வேர்க்கடலைப் பருப்பு 600 கிராம், எள் 100 கிராம், அடி கனமான வாணலி, தூள் உப்பு ஒரு கிலோ, சமையலறை மின்னணுத் தராசு, எவர்சில்வர் தட்டுகள், அடுப்பு.

அடுப்பை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். மாணவர்கள் கை எட்டாத தூரத்தில் அரைவட்டமாக நிற்கட்டும். வேர்க்கடலையோ எள்ளோ ஒவ்வாத குழந்தைகள் இருக்கலாம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதல் நாளே பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது கட்டாயம்.

செயல்பாடு 1: எடை எங்கே போனது?

200 கிராம் பருப்பை எடைபோட்டு, வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே வறுத்தேன். சற்று நேரத்தில் குளிர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து வாணலிக்கு மேலே கவிழ்த்துக் காட்டினேன். தட்டின் அடிப்பக்கம் ஆவி படிந்து மங்கியது. வறுத்து ஆறிய பின் எடை 189 கிராம்.

"தண்ணி போயிடுச்சு சார்" என்றனர் பலர். ஒரு மாணவன் மட்டும், "தோலு பறந்திருக்கும் சார்" என்றான். அந்த ஐயம் வகுப்புக்குக் கிடைத்த பரிசு. உடனே இன்னொரு 200 கிராமை வறுத்தோம். இம்முறை சுற்றிலும் தாள் விரித்து, உதிர்ந்த தோலையும் சேர்த்து எடைபோட்டோம். 190 கிராம் இருந்தது. தோலால் வந்த வேறுபாடு சிறிதே. மீதியை நீர் என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. நன்கு உலர்ந்த கடலையிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 6 கிராம் நீர் இருக்கிறது. வறுத்த பின் ஒன்று அல்லது இரண்டு கிராமே எஞ்சும். கடலை மொறுமொறுப்பாவது இதனால்தான்.

நிறம் மாறுவதையும் நேரத்தோடு குறிக்கச் சொன்னேன். முதல் ஐந்தாறு நிமிடங்கள் பெரிய மாற்றம் இல்லை. கடைசி இரண்டு நிமிடங்களில் நிறமும் மணமும் விரைந்து வந்தன. நீர் இருக்கும்வரை, வருகிற வெப்பத்தின் பெரும்பகுதி அதை ஆவியாக்குவதில் செலவாகிறது. நீர் குறையக் குறையப் பருப்பின் வெப்பநிலை வேகமாக ஏறுகிறது. ஏறத்தாழ 140° செல்சியஸ் அளவில் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலர் லூயி கமிய் மயார் 1912-இல் விளக்கிய வினை இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

செயல்பாடு 2: மணல் எதற்கு?

தள்ளுவண்டிக்காரர் ஏன் மணலில் வறுக்கிறார் என்று கேட்டேன். மணலுக்குப் பதிலாகத் தூள் உப்பைச் சூடாக்கி, மீதியிருந்த 200 கிராம் பருப்பை அதில் வறுத்தேன். வெறும் வாணலியில் வறுத்த பருப்புகளையும் இவற்றையும் குழுக்கள் தோலுரித்து ஒப்பிட்டன. முன்னதில் வாணலியைத் தொட்ட இடங்கள் மட்டும் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தன. பின்னதில் நிறம் சீராக இருந்தது.

உருண்டையான பருப்பு வாணலியை ஒரு சிறு இடத்தில்தான் தொடுகிறது. மணலோ உப்போ அதை எல்லாப் பக்கமும் தொடுகிறது. தொடும் பரப்பு கூடினால் கடத்தலும் கூடும். வெறும் வாணலியில் இந்தக் குறையை ஈடுசெய்வது கரண்டிதான். கிளறுவது ஏன் என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொன்னார்கள்.

செயல்பாடு 3: தீ அணைந்த பிறகு

எள்ளை வறுத்தேன். சிறிய விதை என்பதால் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே படபடவென வெடித்தது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை அது. அடுப்பை அணைத்து, பாதி எள்ளைத் தட்டில் பரப்பினேன். மீதியை வாணலியிலேயே விட்டேன். மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால், தட்டில் இருந்தது இளம் பொன்னிறம். வாணலியில் இருந்தது கரும்பழுப்பு, சுவைத்தால் கசப்பு. கனமான இரும்பு தன்னிடமுள்ள வெப்பத்தைத் தொடர்ந்து எள்ளுக்குக் கடத்திக்கொண்டிருந்தது. "அதான் எங்கம்மா நிறுத்தினதுமே முறத்துல கொட்டிடும்!" என்றாள் ஒரு மாணவி. தொடக்கத்தில் யாரும் விடை சொல்லாத கேள்விக்கு அதுவே விடை.

கணக்கோடு இணைத்தல்

இட்லிப் பொடிக்கு எள், பருப்பு, மிளகாய் எல்லாவற்றையும் ஏன் தனித்தனியாக வறுக்கிறோம்? இதைக் கனசதுரத்தைக் கொண்டு விளக்கலாம். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 செ.மீ. ஆனால் பரப்பு 24, கன அளவு 8. அதாவது ஒரு கன செ.மீ.க்கு 6 ச.செ.மீ. ஆக இருந்த பரப்பு 3 ஆகக் குறைகிறது. சிறிய பொருளுக்கு, அதன் கன அளவோடு ஒப்பிட, வெப்பம் நுழையும் பரப்பு அதிகம். சேர்த்து வறுத்தால், கடலை வறுபடும் முன்பே எள் கருகிவிடும்.

இதிலிருந்து வீட்டுக்கு உதவும் ஒரு முடிவும் கிடைக்கிறது. சீக்கிரம் வறுபட வேண்டும் என்று தீயைக் கூட்டினால் வெளிப்புறம் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கொஞ்சமாக, ஒரே அடுக்காக, மிதமான தீயில் விடாமல் கிளறுவதுதான் உண்மையான விரைவு வழி. எள்ளிலும் கடலையிலும் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். வறுத்தவை காற்றுப் படப்பட விரைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பதால், அவ்வப்போது வேண்டிய அளவு வறுப்பதே நல்லது.

தீயால் ஆகாதது

இரண்டாம் பாடவேளையில் கடலையைத் தரம் பிரிக்கச் சொன்னபோது வந்த உரையாடலை ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டும். "நல்லத மூட்ட கட்டி வித்துடுவோம் சார். சொத்தையும் சுருங்கினதும்தான் வீட்டுக்கு" என்றான் ஒருவன். "பூசணம் இருந்தா?" என்றேன். "வறுத்தா போயிடும் சார்" என்று பலரும் சொன்னார்கள்.

போகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. காரணம், தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சு. அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது அது. வறுக்கும் வெப்பத்தில் பூஞ்சை இறக்கும். அது விட்டுச்சென்ற நச்சு ஓரளவு குறையலாமே தவிர, முழுவதும் அழியாது. வறுத்த மணம் பூசண வாடையை மறைத்துவிடுவதால் ஏமாற்றமும் கூடும். சுருங்கிய, உடைந்த, நிறம் மாறிய பருப்புகளில்தான் இந்த நச்சுக்கு வாய்ப்பு மிகுதி. வீட்டுக்கென ஒதுக்குபவை பெரும்பாலும் அவையே.

தோண்டிய காயை நன்றாகக் காயவைப்பது, ஈரம் படாமல் சேமிப்பது, வறுக்கும் முன் சொத்தையையும் பூசணம் பிடித்ததையும் பொறுக்கி எறிவது ஆகிய மூன்றும் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். நச்சு கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஐயம் வந்தால் எறிந்துவிட வேண்டும். கோழிக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வான்கோழிகளின் கதை அதற்கு உதவும்.

மதிப்பீடு

தேர்வுத்தாளில் இலக்கணம் கேட்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கொடுத்தேன். மண் சட்டியில் வறுத்தால் நேரம் கூடுமா, குறையுமா? முந்திரியை நெய்யில் வறுக்கும்போது நெய்யின் வேலை என்ன? வறுத்தால் சரியாகிவிடும் என்று பாட்டி சொன்னால் எப்படிப் பணிவாக மறுமொழி சொல்வாய்? முதல் இரண்டுக்கும் காரணத்துடன் விடை எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். மூன்றாவதற்கு எழுத்தில் விடை வேண்டாம் என்றேன். வீட்டில் முறத்தை எடுத்துப் பாட்டியோடு உட்கார்ந்து கடலை பொறுக்க வேண்டும். எத்தனை பருப்பு கழிந்தது என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதி வரச் சொன்னேன். மறுநாள் ஏறத்தாழ எல்லோருடைய ஏட்டிலும் ஓர் எண் இருந்தது.